கல்லாப்பெட்டி ஓரத்து உண்டியல்: மளிகைக்கடையில் நீங்க போடுற 3 ரூபாய் எங்கே போகுது?

மாசக் கடைசி. மளிகைச் சாமான் வாங்கிட்டு பில்லைப் பார்க்குறீங்க. 487 ரூபாய். "490-ஆ போட்டுக்கட்டுமா? மிச்சம் 3 ரூபாய் ஆசிரமத்துக்குப் போகும்"னு கல்லாவில் இருக்கிறவர் கேட்கிறார். பின்னாடி நாலு பேர் நிற்கிறாங்க. நீங்களும் தலையாட்டிட்டு வந்துடுறீங்க. சில கடைகளில் இந்தக் கேள்வியே கிடையாது, கல்லா ஓரத்துல ஒரு கண்ணாடி உண்டியல் மட்டும் இருக்கும். ஆன்லைன் மளிகை ஆப் என்றால், பணம் கட்டும் பக்கத்தில் ஒரு சின்ன டிக் பாக்ஸ்.

3 ரூபாய்தானேன்னு நாம மறந்துடுவோம். ஆனா ஒரு கடையில் ஒரு நாளைக்கு 200 பேர் 3 ரூபாய் கொடுத்தா, மாசம் 18,000 ரூபாய். அது ஒரு முதியோர் இல்லத்துக்கு அரிசி வாங்கும் காசு. அதே காசு தப்பான இடத்துக்கும் போகலாம். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது, இன்னிக்கு நாம எதைக் கவனிக்கணும்? வாங்க, பார்க்கலாம்.

கல்லில் வெட்டிய ரசீது

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் வழியில் இருக்கிற ஊர் பெருமுக்கல். அங்கே மலை மேல் முக்தியாளீஸ்வரர் கோயில். சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ள கோயில் அது. நம்ம ஊர்க் கோயில் கல்வெட்டுகளைப் படிச்சவங்களுக்கு ஒரு விஷயம் தெரியும். அதில் பாதிக்கு மேல் போர் வெற்றி இல்லை, நன்கொடைக் கணக்குதான். விளக்கெரிக்க இத்தனை ஆடு, அமுதுபடிக்கு இவ்வளவு நெல் என்று போகும். கொடுத்தது யார், எதுக்காகக் கொடுத்தார், அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு யாருடையது என்ற மூன்றும் பெரும்பாலும் அதில் இருக்கும். ஊரே பார்க்கிற சுவரில் வெட்டி வைத்த ரசீது. இந்த மூன்று கேள்விகளையும் மனசுல வெச்சுக்கோங்க, கடைசியில் தேவைப்படும்.

வியாபாரிகளும் இப்படிக் கொடுத்திருக்கிறார்கள். இன்றைய சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிற பிரான்மலைக் கோயில் கல்வெட்டு ஒன்று 13-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வணிகக் குழுவினர் உப்பு, மிளகு, பாக்கு போன்ற சரக்குகளுக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று தாங்களே ஒரு தொகையை விதித்துக்கொண்டு கோயிலுக்குக் கொடுத்த விவரம் அதில் இருக்கிறது. இந்தக் காசுக்குப் 'பட்டணப்பகுடி' என்று பெயர். பிற்காலத்தில் நமக்குப் பழகின பெயர், மகமை.

அண்ணாச்சி கடையும் மகமையும்

உங்க தெருவுல 'அண்ணாச்சி கடை' இருக்கா? அந்தக் கடைகளுக்குப் பின்னால் ஒரு பெரிய மகமைக் கதை இருக்கு.

19-ம் நூற்றாண்டில் தென் மாவட்டங்களில் நாடார் சமூகத்தினருக்குக் கோயிலுக்குள் போக அனுமதி இல்லை. பொதுக் கிணறு, பள்ளிக்கூடம் எல்லாவற்றிலும் தடை இருந்தது. விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை போன்ற ஊர்களில் வியாபாரம் செய்தவர்கள் உறவின்முறையாகக் கூடி, விற்கும் வாங்கும் சரக்கின் மீது ஒரு சிறு தொகையை மகமையாக எடுத்து வைத்தார்கள். அதிலிருந்து கிணறு வந்தது, சத்திரம் வந்தது, பள்ளிக்கூடமும் வந்தது. விருதுநகரில் 1880-களில் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை அப்படி வளர்ந்ததுதான். வீட்டுக்கு வீடு எடுத்து வைத்த பிடி அரிசியும் அந்தப் பள்ளிக்குப் போனது என்று சொல்வார்கள். அதில் படித்த பையன்களில் ஒருவர் காமராஜர். பின்னாளில் அவர் முதலமைச்சராக இருந்தபோது, 1956-ல் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் விரிவடைந்தது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். மகமை முழுக்க முழுக்க விருப்பப்பட்டுக் கொடுத்த காசு இல்லை. ஊர்க் கட்டுப்பாடு அதுக்குப் பின்னால் இருந்தது. கொடுக்காதவருக்கு ஊரில் மரியாதை இருக்காது. ஆனாலும் அது நிலைத்ததற்குக் காரணம், கொடுத்தவரின் கண்ணுக்கு முன்னாலேயே கட்டடம் எழுந்தது. தன் பிள்ளையே அந்தப் பள்ளிக்குப் போனான். காசு எங்கே போச்சுன்னு யாரும் தேட வேண்டியிருக்கவில்லை.

பிடி அரிசியும் அணையா அடுப்பும்

பிடி அரிசி இன்னும் எளிமையான விஷயம். உலை வைக்கும் முன் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில் போடுவது, மாசத்துக்கு ஒருமுறை அதைச் சேர்த்து அன்னதானத்துக்குக் கொடுப்பது. பில்லில் 3 ரூபாய் சேர்ப்பதும் இதே கணக்குதான். எடுக்கும்போது வலிக்காது, சேரும்போது பெருசா இருக்கும்.

நம்ம பக்கத்து மாவட்டமான கடலூரில், வடலூரில் வள்ளலார் 1867-ல் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு அணையாமல் இன்றும் பசித்து வருகிறவர்களுக்குச் சோறு போடுகிறது. அரிசியும் காய்கறியும் பெரும்பாலும் மக்கள் கொண்டுவந்து கொடுப்பதுதான்.

கடையே நம்முடையதாக இருந்தால்?

1844-ல் இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் நெசவாளர்கள் உள்ளிட்ட தொழிலாளர்கள் 28 பேர் சேர்ந்து ஒரு மளிகைக்கடை திறந்தார்கள். கலப்படம் இல்லாத மாவு, வெண்ணெய், சர்க்கரை, அதோடு லாபத்தில் பங்கு. நுகர்வோர் கூட்டுறவுக் கடைகளின் முன்மாதிரி அதுதான். சென்னையில் 1904-ல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம், அதாவது டி.யு.சி.எஸ்., பிறந்தது. இந்தியாவின் மிகப் பழைய நுகர்வோர் கூட்டுறவுகளில் ஒன்று அது.

1912-ம் வருஷத்துக் கூட்டுறவுச் சட்டத்திலேயே தர்மத்துக்கு இடம் வைத்திருந்தார்கள். லாபத்தில் கால் பங்கைக் காப்பு நிதிக்கு ஒதுக்கிய பிறகு, மீதியில் 10 சதவிகிதம் வரை பதிவாளர் அனுமதியுடன் தர்ம காரியங்களுக்குக் கொடுக்கலாம். இங்கிலாந்தின் கோ-ஆப் கடைகள் 2016-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தன. அப்போது உறுப்பினர் ஒருவர் கடையின் சொந்த பிராண்ட் பொருள் வாங்கினால் 5 சதவிகிதம் அவருக்கே திரும்பியது, 1 சதவிகிதம் உள்ளூர் சேவைக்குப் போனது. எந்த அமைப்புக்கு என்பதைப் பட்டியலிலிருந்து வாங்குபவரே தேர்ந்தெடுக்கலாம்.

நம்ம விழுப்புரம் மாவட்டத்திலேயே இன்னொரு மாதிரி இருக்கு. ஆரோவில்லில் 2006-ல் தொடங்கிய 'பூர் தூ' விநியோக மையம். பிரெஞ்சில் 'எல்லோருக்கும்' என்று அர்த்தம். உறுப்பினர்கள் மாதாமாதம் ஒரு தொகை கட்டிவிட்டு, தேவையான சாமானை எடுத்துக்கொள்வார்கள். அலமாரியில் விலை எழுதியிருக்காது.

கேட்காமல் எடுத்தால் அது தர்மம் இல்லை

இப்போ உங்க போனுக்கு வருவோம். 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், ஆப்களும் இணையதளங்களும் செய்யும் ஏமாற்று உத்திகளுக்கு எதிராக வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. உங்க சம்மதம் இல்லாமல் பில்லில் நன்கொடையைச் சேர்ப்பது அதன்படி தவறு. முன்கூட்டியே டிக் போட்டு வைத்த நன்கொடைப் பெட்டியும் இந்த ரகம்தான். வேண்டாம்னு சொல்றவரைக் கூச வைக்கிற மாதிரி வாசகம் போடுவதும் அந்தப் பட்டியலில் இருக்கு. இப்படி நடந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். ஆகவே 'வேண்டாம்' என்று சொல்ல வெட்கப்படவே வேண்டாம்.

ஏன் இவ்வளவு கவனம்?

2023 பிப்ரவரி. இதே விழுப்புரம் மாவட்டத்தின் குண்டலப்புலியூரில் உரிமம் இல்லாமல் நடந்த ஒரு காப்பகத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டார்கள். வழக்கு சி.பி.சி.ஐ.டி-க்குப் போனது. ஆதரவற்றோர் இல்லம் என்ற பெயர்ப் பலகையைப் பார்த்ததும் நாம கேள்வி கேட்பதை நிறுத்திடுறோம். நம்ம 3 ரூபாயும் அந்தப் பலகையை நம்பித்தான் போகுது.

அதுக்காகக் கொடுக்கவே கூடாதுன்னு இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தப்போ மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அப்படி ஒரு இரவுக்கு அப்புறம் முதலில் தேவைப்படுவது அரிசி, பால் பவுடர், பிஸ்கட், மெழுகுவத்தி, நாப்கின். இதெல்லாம் மளிகைக்கடையில் இருக்கிற பொருள்கள். தெருமுனைக் கடையும் அதன் வாடிக்கையாளர்களும் முன்னமே சேர்ந்திருந்தால், உதவி வெளியூர் லாரிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

கொடுக்கும் முன் இதைக் கேளுங்க

1. யாருக்குப் போகிறது? 'ஆசிரமம்' என்றால் போதாது, பெயர் வேணும். குழந்தைகள் இல்லம் என்றால் இளைஞர் நீதிச் சட்டப்படி பதிவு கட்டாயம். பதிவு எண் கேட்பது உங்க உரிமை.

2. எதுக்கு? 'சேவைக்கு' என்பதைவிட 'இந்த மாசம் 50 கிலோ அரிசி' என்பது நல்ல பதில்.

3. யார் பொறுப்பு? உண்டியலை யார் திறக்கிறார், எப்போ திறக்கிறார், கொடுத்த ரசீதைக் கடையில் ஒட்டியிருக்கிறாரா? ஒட்டச் சொல்லுங்க. நல்ல கடைக்காரர் சந்தோஷமா செய்வார்.

4. வரிச்சலுகை கிடைக்குமா? 80ஜி என்று நாம் பழகிய சலுகை, பதிவு பெற்ற அமைப்பு உங்க பெயரில் ரசீது தந்தால்தான். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தாலோ, பொருளாகக் கொடுத்தாலோ கிடையாது. புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கும் இல்லை. பில்லில் சேர்த்த சில்லறைக்கு உங்க பெயரில் ரசீது வருவது அபூர்வம்.

5. யாருடைய காசு? பெரிய கம்பெனிகள் தங்கள் லாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்கணும் என்பது 2013 கம்பெனிகள் சட்டம். அது அவங்க காசு. உங்க 3 ரூபாய் தனிக் கணக்கு. இரண்டையும் ஒண்ணா சேர்த்து விளம்பரம் பண்ணினால் கேள்வி கேளுங்க.

6. பொருளாகக் கொடுக்கிறீங்களா? காலாவதித் தேதியைப் பாருங்க. உங்க வீட்டில் சாப்பிடாததை இன்னொருத்தர் தட்டில் போடாதீங்க.

பெருமுக்கல் மாதிரி ஒரு சின்ன ஊரில் இதைத் தொடங்க பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். ஒரு கடை, ஒரு உண்டியல், ஒரு கரும்பலகை போதும். போன மாசம் சேர்ந்தது இவ்வளவு, வாங்கினது இது, கொடுத்தது இன்னாருக்கு என்று மூணு வரி. நம்ம முன்னோர் அதைக் கல்லில் வெட்டினாங்க, நமக்குச் சாக்பீஸ் போதும். அடுத்த முறை கல்லாவில் "3 ரூபாய் சேர்த்துக்கட்டுமா?"ன்னு கேட்டா, சிரிச்சுக்கிட்டே கேளுங்க: "சேர்த்துக்கோங்க அண்ணாச்சி. போன மாசக் கணக்கு எங்க எழுதியிருக்கு?"