பல் டாக்டரின் கழுத்து வலி

பல் டாக்டர் என்றாலே நமக்கு நம்ம பல்வலிதான் ஞாபகம் வரும். அவருடைய கழுத்து வலியை யார் நினைக்கிறோம்? சின்ன வாய்க்குள் எட்டிப் பார்த்தபடி, தலையைச் சாய்த்து, கையைத் தூக்கிப் பிடித்து மணிக்கணக்கில் வேலை. கழுத்தும் தோளும் இடுப்பும் பிடித்துக்கொள்ளாமல் என்ன செய்யும்?

தொழில் உடம்பைக் கெடுக்கும் என்று 1700-லேயே பெர்னார்டினோ ராமசினி என்ற இத்தாலிய மருத்துவர் தனிப் புத்தகம் எழுதிவிட்டார். 1713 பதிப்பில் என்னைப் போன்ற கணக்கெழுதும் ஆட்களையும் விடவில்லை: ஓயாத உட்காரல், ஒரே மாதிரி கை அசைவு, கணக்கு தப்பக்கூடாதே என்ற கவலை. அப்படியே இன்றைய வங்கிதான்!

பல் டாக்டர்களுக்கோ அப்போது உட்காரவே கொடுத்துவைக்கவில்லை. 1790-ல் அமெரிக்காவில் ஜோசையா ஃபிளாக், மர நாற்காலியில் தலைசாய்ப்பான் பொருத்தினார். அது நோயாளிக்கு. 1871-ல் ஜேம்ஸ் மோரிசன், தையல் மெஷின் போலக் காலால் மிதிக்கும் துளைக்கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். ஒரு காலில் நின்று, மறுகாலால் மிதித்து, கை ஆடாமல் பல்லைத் துளைக்க வேண்டும். 1877-ல் ஏற்றி இறக்கும் ஹைட்ராலிக் நாற்காலி வந்தது. அதுவும் நோயாளிக்கே.

1958-ல் முழுதாகச் சாயும் நாற்காலி வந்தபிறகுதான் விஷயம் மாறியது. டாக்டர் வளைவதற்குப் பதில் நோயாளியைப் படுக்க வை, அவ்வளவுதான்! 1960-களில் டாக்டர் உட்கார்ந்து வேலை செய்வது பரவியது. படுத்திருப்பவர் எழுந்து துப்ப முடியாதே? பக்கத்தில் உதவியாளர் உட்கார்ந்து தண்ணீரை உறிஞ்சி எடுத்து, கருவிகளையும் எடுத்துக் கொடுத்தார். நான்கு கை வேலை என்று இதற்குப் பெயர்.

பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. ஒரே நிலையில் இறுகியிருக்கும் தசைக்கு ரத்த ஓட்டம் குறையும். கால் வலி போய்க் கழுத்து வலி வந்தது. அதனால் இன்று சொல்லித்தருவது: நோயாளியின் வாய் நம் முழங்கை உயரத்தில் இருக்கட்டும், குனியாமல் பார்க்க, சரியாகப் பொருத்திய உருப்பெருக்கிக் கண்ணாடி போடு, ஒரே பக்கம் உட்காராமல் இடம் மாறு, ஒருவர் போய் அடுத்தவர் வருமுன் எழுந்து உடம்பை நீட்டு.

உங்கள் வீட்டில் பிடிஎஸ் முடித்த பிள்ளை கிளினிக் போடப்போகிறதா? பட்ஜெட்டில் நோயாளியின் நாற்காலிக்கு லட்சக்கணக்கில் எழுதிவிட்டு, தான் உட்காரும் ஸ்டூலில் மிச்சம் பிடிப்பார்கள். அங்கே மட்டும் கை வைக்காதீர்கள். கடனைக் கட்டப்போவது அந்த முதுகுதான்.