தயிர் டெண்டரும் சத்துமாவும்

இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள லங்காஷயர் கவுன்டி மன்றம் 2015இல் பள்ளிச் சாப்பாட்டுக் கொள்முதலைக் கூறுபோட்டது. மொத்தத்தையும் ஒரே டெண்டராக விட்டால் நாடு முழுக்கக் கிளை விரித்த பெரிய நிறுவனத்தால்தான் எடுக்க முடியும். உள்ளூர் வியாபாரிக்கு அந்த அளவுக்கு வக்கிருக்காது. ஆகவே தயிருக்குத் தனி, முட்டைக்குத் தனி, பாலுக்கும் சீஸுக்கும் தனித்தனி என்று பிரித்து விட்டார்கள். எல்லாவற்றையும் உள்ளூர்க்காரர்களே எடுத்தார்கள். சரக்கு லங்காஷயர் பண்ணைகளிலிருந்து வந்தது.

கேரளத்து அங்கன்வாடிகளில் 6 மாதம் முதல் 3 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ‘அமிர்தம் நியூட்ரிமிக்ஸ்’ என்றொரு சத்துமாவு தருகிறார்கள். கோதுமை, கடலைப்பருப்பு, நிலக்கடலை, சோயா, சர்க்கரை. அரைக் கிலோ பாக்கெட். கோதுமையைக் கழுவி உலர்த்தி, வறுத்து, அரைத்து, நிறுத்துக் கட்டுவது குடும்பஸ்ரீ என்ற மகளிர் குழு அமைப்பின் பெண்கள். 2006இல் காசர்கோட்டில் சோதனையாகத் தொடங்கியது, இன்று மாநிலம் முழுக்க நூற்றுக்கணக்கான சிறு ஆலைகளில் நடக்கிறது. இதற்கான பணத்தில் ஒரு பங்கு பஞ்சாயத்துகளின் திட்ட நிதியிலிருந்து போகிறது.

இரண்டு இடத்திலும் பிள்ளைகளின் தட்டுக்குப் போகும் அரசுப் பணம் வெளியூர் கம்பெனிக்குப் போகாமல் உள்ளூரில் தங்குகிறது. இரண்டுக்கும் பின்னால் சட்டத்தின் கை இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அரசு அலுவலகங்கள் ஒரு சேவையை வாங்கும்போது விலையோடு சமூகப் பயனையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்ற சட்டம் பிரிட்டனில் 2012இல் வந்தது. இந்தியாவில் அங்கன்வாடி உணவு வழங்கலில் ஒப்பந்தக்காரர்களே கூடாது, சுய உதவிக் குழுக்களுக்கும் மகளிர் மன்றங்களுக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004 அக்டோபரில் உத்தரவிட்டது. அந்த உத்தரவு எல்லா மாநிலத்துக்கும்தான். மாநிலம் முழுக்கச் செய்து காட்டக் கேரளத்தால் முடிந்ததற்குக் காரணம், உத்தரவு வந்தபோது வேலையைக் கையில் கொடுக்க அங்கே ஆட்கள் தயாராக இருந்ததுதான். ஒப்பீட்டின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

லங்காஷயரில் உள்ள பிரஸ்டன் நகரம் இந்த வழியைத் தொடங்கியது ஒரு தோல்வியில். சுமார் 1.5 லட்சம் பேர் வாழும் பழைய பஞ்சாலை ஊர். 70 கோடி பவுண்டு செலவில் ‘டைத்பார்ன்’ என்ற வணிக வளாகம் வரப்போகிறது, அது வந்தால் ஊர் நிமிரும் என்று பத்தாண்டுக்கு மேல் காத்திருந்தார்கள். 2011 நவம்பரில் அதில் வரவிருந்த ஜான் லூயிஸ் கடை பின்வாங்கியது, திட்டம் சரிந்தது. அதே நேரம் லண்டன் அரசு உள்ளாட்சி மானியங்களை வெட்டிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்த பிறகு, கவுன்சிலர் மேத்யூ பிரவுனும் அவரைச் சேர்ந்தவர்களும் கேட்ட கேள்வி எளியது: ஊரில் ஏற்கெனவே இருக்கும் பெரிய அமைப்புகள் தங்கள் பணத்தை எங்கே செலவிடுகின்றன? மான்செஸ்டரைச் சேர்ந்த ஓர் ஆய்வு அமைப்பின் துணையோடு நகர மன்றம், கவுன்டி மன்றம், கல்லூரிகள், காவல்துறை, வீட்டுவசதிச் சங்கம் எனக் கணக்குப் பார்த்தார்கள். 2012–13இல் அவை செலவிட்டதில் பிரஸ்டனுக்குள் தங்கியது 5 சதவீதம், 3.8 கோடி பவுண்டு. 2016–17இல் அது 18 சதவீதம், 11.2 கோடி பவுண்டு. லங்காஷயர் முழுவதையும் எடுத்துக்கொண்டால் 39 சதவீதம் 79 ஆனது.

மொத்தச் செலவு குறைந்துகொண்டிருந்த காலத்தில் இது நடந்தது. புதிய வரி இல்லை, புதிய மானியம் இல்லை. கொள்முதல் அதிகாரிகள் சிலர் ஒரே மேசையில் உட்கார்ந்து டெண்டர் எழுதும் விதத்தை மாற்றினார்கள், அவ்வளவே. உள்ளாட்சி சீர்திருத்தம் என்றாலே கூட்டம், மாநாடு, பயிற்சி முகாம் என்று பழகிப்போன நமக்கு இந்தச் சிக்கனம் பொறாமை தருகிறது. 2023இல் ‘லான்செட் பொது சுகாதார’ இதழில் வந்த ஆய்வு, ஒத்த நகரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, பிரஸ்டனில் மனச்சோர்வு மாத்திரைகள் எழுதித் தரப்படுவது குறைந்ததையும் ஊதியம் கூடியதையும் காட்டியது.

கேரளம் எதிர்த்திசையிலிருந்து வந்தது. 1996 ஆகஸ்டில் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கினார்கள். முதலில் பணத்தைக் கொடுத்து, திறமை பின்னால் வரட்டும் என்று துணிந்த முடிவு அது. 1998இல் குடும்பஸ்ரீ வந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் 10 முதல் 20 பேர் சேர்ந்தால் ஓர் அயல்கூட்டம். வார்டு அளவில் அவற்றின் கூட்டமைப்பு. பஞ்சாயத்து அளவில் இன்னொன்று, தேர்தலோடு. வாரந்தோறும் கூடிச் சிறுகச் சேமித்துக் கடன் கொடுத்து வாங்கிய பழக்கத்திலிருந்து சத்துமாவு ஆலையும், குத்தகை நிலத்தில் கூட்டு விவசாயமும், குப்பை சேகரிப்பும் கிளைத்தன. இன்று உறுப்பினர்கள் 45 லட்சத்துக்கு மேல்.

பிரஸ்டனில் இல்லாதது இது. அங்கே பணம் உள்ளூர் நிறுவனத்துக்குப் போகிறது. அந்த நிறுவனம் யாருடையது என்பது வேறு கேள்வி. தச்சு வேலை எடுத்த உள்ளூர் முதலாளி லாபத்தில் ஸ்பெயினில் விடுமுறை வீடு வாங்கலாம். ஊர்ப்பணம் ஊரில் சுற்றுவதும், உழைப்பவர் கையில் சேர்வதும் வேறுவேறு. இதைப் பிரஸ்டன்காரர்களும் அறிவார்கள். அதனால்தான் அமெரிக்க நகரமான கிளீவ்லாந்தின் எவர்கிரீன் கூட்டுறவுகளையும் ஸ்பெயினின் பாஸ்க் பகுதியிலுள்ள மோன்ட்ராகன் தொழிலாளர் கூட்டுறவையும் முன்மாதிரி என்கிறார்கள். ஆனால் அவர்கள் ஊரில் முளைத்த தொழிலாளர் கூட்டுறவுகள் சிலவே, அவையும் சிறியவை. கேரளத்திலோ, வடகரையில் 1925இல் பிறந்த ஊராளுங்கல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் இன்று பாலமும் நெடுஞ்சாலையும் போடுகிறது. அதற்கு அரசு காட்டும் சலுகை குறித்துக் கேரளத்தில் அடிக்கடி சண்டை வருகிறது. சண்டைக்குரிய அளவுக்கு வளர்ந்திருக்கிறது என்பதே என் காதில் விழும் செய்தி.

சரி, கேரளம் எங்கே வழுக்குகிறது? ஜனகீய ஹோட்டல்களைப் பார்த்தால் போதும். 2020இல் ஊரடங்கு நேரத்தில் பெருகிய கடைகள் இவை. 20 ரூபாய்க்குச் சாப்பாடு. இடமும் தண்ணீரும் மின்சாரமும் பஞ்சாயத்து தரும், சமைப்பது குடும்பஸ்ரீ பெண்கள், சாப்பாட்டுக்கு 10 ரூபாய் மாநில அரசு மானியம். ஆயிரத்துக்கு மேற்பட்ட கடைகள் ஓடின. மானியம் மாதக்கணக்கில் நிலுவையில் நின்றது. அரிசிக்கும் காய்க்கும் கடைக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டியது அடுப்படியில் நிற்கும் பெண். 2023 ஆகஸ்டில் மானியத்தையே நிறுத்தி, விலையை 30 ரூபாயாக்கினார்கள். கடன் வாங்கிக் கடையை ஓட்டியவர்களின் கணக்கை யாரும் நேர்செய்யவில்லை என்ற குறை பல மாவட்டங்களில் எழுந்தது.

மானியமும் ஆர்டரும் ஒன்றல்ல. லங்காஷயரில் தயிர் கொடுத்தவர் ஒப்பந்தக் காலம் முழுக்க இவ்வளவு சரக்கு போகும், இந்தத் தேதியில் பில் பாஸாகும் என்று நம்பி இன்னொரு மாடு வாங்கலாம். ஜனகீய ஹோட்டல் நடத்தியவருக்கு வாடிக்கையாளர் யார்? சாப்பிட வந்தவர் மூன்றில் இரண்டு பங்கு விலை தந்தார், மீதி ஒரு கோப்பில் இருந்தது. சத்துமாவு ஆலைகள் இத்தனை ஆண்டு தாக்குப்பிடித்ததற்குக் காரணம், பில் தாமதமானாலும் அங்கன்வாடி அடுத்த மாதமும் வாங்கும் என்பது. கேரளப் பஞ்சாயத்துகள் பிரஸ்டனிடம் கற்க வேண்டியது இந்த ஒன்றுதான்: பள்ளிக்கு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு, அலுவலகக் கூட்டத்துக்கு ஆண்டுதோறும் என்னென்ன வாங்குகிறோம் என்று பட்டியல் போட்டு, அதை அயல்கூட்டத்தின் முன் வைப்பது.

‘உள்ளூர்’ என்பதன் எல்லை எங்கே முடிகிறது என்பதில் இரண்டு இடத்துக்காரர்களுமே கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். பிரஸ்டனுக்கு வந்த ஒப்பந்தம் வேறு ஓர் ஏழை நகரத்தை விட்டுப் போயிருக்கலாம். கேரளத்துச் சத்துமாவின் கோதுமையும் கடலையும் வெளிமாநிலத்து விளைச்சல். ஜனகீய ஹோட்டல் சாம்பாரில் வெந்த முருங்கைக்காய் ஒட்டன்சத்திரம் சந்தையில் லாரி ஏறியதாக இருக்கலாம். கேரளம் தன் காய்கறியைத் தானே விளைவிப்பது நல்லதுதான். ஆனால் அப்போது திண்டுக்கல் மாவட்டத்து விவசாயிக்கு நாம் என்ன பதில் வைத்திருக்கிறோம்?

ஆட்சி மாறினால் என்னவாகும் என்பதில்தான் இரண்டுக்கும் உள்ள தூரம் துல்லியமாகத் தெரிகிறது. 2001இல் கேரளத்தில் காங்கிரஸ் கூட்டணி வந்தபோது மக்கள் திட்டத்தின் பெயரை மாற்றினார்கள். குடும்பஸ்ரீயைக் கலைக்கவில்லை, அத்தனை வீடுகளில் வேரோடிய அமைப்பைத் தொட யாருக்குத் துணிவு வரும்? கட்சி ஊர்வலத்துக்கு ஆள் திரட்ட அதைப் பயன்படுத்துகிறார்கள் என்ற புகார் இன்றும் உண்டு, அதில் உண்மையும் உண்டு. பிரஸ்டனுக்குச் சோதனை இப்போதுதான். 2025 மே மாதம் லங்காஷயர் கவுன்டி மன்றம் ரிஃபார்ம் யுகே என்ற வலதுசாரிக் கட்சியிடம் போனது. இங்கிலாந்தின் ஈரடுக்கு உள்ளாட்சி முறையையே ஒழித்துப் பெரிய மன்றங்களாக்கும் திட்டத்தில் பிரஸ்டன் நகர மன்றமும் அடங்கும். கொள்முதல் அதிகாரிகள் புதிய அலுவலகத்துக்குப் போய்விடுவார்கள். தயிர் டெண்டரைக் கூறுபோட்டே விட வேண்டும் என்று அங்கே போய்க் கேட்க, ஒப்பந்தம் எடுத்த சில வியாபாரிகளைத் தவிர யார் இருக்கிறார்கள்?