தற்காலிக நரம்பியல் குறைபாடுகளுடன் வரும் தலைவலி (ஹேண்டில் நோய்த்தொகுதி)

நோயைப் பற்றி

கடுமையான தலைவலியுடன் உடலின் ஒரு பக்கம் மரத்துப்போதல், கை கால் வலுவிழத்தல், பேச்சுத் தடுமாறுதல் போன்ற குறைபாடுகள் தோன்றி, சில மணி நேரத்தில் முற்றிலும் மறையும் அரிய நோய் இது. மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்துள்ள நீரில் லிம்போசைட் எனும் வெள்ளையணுக்கள் மிகுந்து காணப்படுவது இதன் முக்கிய அடையாளமாகும். ஸ்பெயின் நாட்டில் 50 நோயாளிகளை ஆராய்ந்து 1997-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், நோய் தொடங்கிய வயது 14 முதல் 39 வரை இருந்தது.

அறிகுறிகள்

* துடிப்பது போன்ற தலைவலி, குமட்டல், வாந்தி
* முகம், கை அல்லது காலில் ஒருபக்க மரப்பு, வலுவிழப்பு
* சொற்கள் வராமை, பிறர் பேசுவது புரியாமை
* சிலருக்குப் பார்வைக் கோளாறு, காய்ச்சல்

இத்தகைய தாக்குதல்கள் பெரும்பாலும் 1 முதல் 12 முறை வரை ஏற்படலாம். இடைப்பட்ட நாட்களில் நோயாளி இயல்பாக இருப்பார்.

காரணம்

உறுதியான காரணம் கண்டறியப்படவில்லை. சிலருக்கு முந்தைய வாரங்களில் சளி, காய்ச்சல் இருந்திருப்பதால், நோய் எதிர்ப்பாற்றலின் பிறழ்வு காரணமாகலாம் எனக் கருதப்படுகிறது.

நோயறிதல்

பக்கவாதம், மூளைக்காய்ச்சல், வலிப்பு ஆகியவையும் இதே அறிகுறிகளுடன் தொடங்கக்கூடும். அவை இல்லை என உறுதிசெய்த பின்னரே இந்நோய் எனத் தீர்மானிக்க இயலும். இதற்காகச் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேன், இரத்தப் பரிசோதனை, இ.இ.ஜி. ஆகியவை செய்யப்படும். முதுகின் கீழ்ப்பகுதியில் ஊசி செலுத்தி நீர் எடுத்தும் பரிசோதிக்கப்படும். அந்நீரில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 15-க்கு மேற்பட்ட லிம்போசைட்டுகள் இருந்து, நோய்க்கிருமி எதுவும் காணப்படாதிருத்தல் இந்நோயைச் சுட்டும்.

சிகிச்சை

வலி நிவாரணிகளும் வாந்தியைத் தடுக்கும் மருந்துகளும் அளிக்கப்படும். கிருமித்தொற்று இல்லை எனத் தெளிவாகும் வரை அதற்கான மருந்துகளும் தரப்படலாம். அவற்றை இடையில் நிறுத்தக் கூடாது. நோய் பொதுவாக 3 மாதங்களுக்குள் தானாகவே நீங்கும். நிலையான பாதிப்பு எஞ்சுவதில்லை.

பராமரிப்பாளர் கவனத்திற்கு

* முகம் கோணுதல், ஒருபக்க வலுவிழப்பு, பேச்சுக் குழறல் தோன்றினால், "சற்று நேரத்தில் சரியாகிவிடும்" எனக் காத்திருக்க வேண்டாம். உடனே 108 அவசர ஊர்தியை அழைக்கவும்.
* அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளவும். பக்கவாதமாயின் சிகிச்சை முடிவு இந்நேரத்தைப் பொறுத்தே அமையும்.
* பேச்சு குழறும் நிலையில் உணவோ, நீரோ, மாத்திரையோ வாய்வழி தர வேண்டாம்.
* ஹேண்டில் என முன்பே உறுதியாகியிருந்தாலும், மீண்டும் தாக்குதல் வரும்போது மருத்துவமனைக்குச் செல்லவும். முந்தைய ஸ்கேன், நீர்ப் பரிசோதனை அறிக்கைகளையும் எடுத்துச் செல்லவும். தேவையற்ற சிகிச்சையைத் தவிர்க்க அவை மருத்துவருக்கு உதவும்.
* தாக்குதல்கள் நின்றுவிட்டதாக மருத்துவர் உறுதிசெய்யும் வரை வாகனம் ஓட்டுவதைத் தவிர்க்கவும்.