வீட்டிலேயே பட்டுப்புழு வளர்க்கலாமா? முட்டை முதல் கூடு வரை... கடைசி 7 நாளில்தான் இருக்கு விஷயம்!

வேலூரில் இருந்து ஆம்பூர் போகும் வழியில், பாலாற்றங்கரையில் இருக்கிறது விரிஞ்சிபுரம். மார்க்கபந்தீஸ்வரர் கோயிலுக்குப் பேர்போன ஊர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் இங்கே இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் தோல் தொழில்தான் பெரிது. ஆனால் வேலூருக்குத் தெற்கே கொஞ்ச தூரம் போனால் ஆரணி, பட்டுச் சேலைக்கான ஊர். அந்தச் சேலைக்கான நூலை வீட்டில் இருந்தபடியே உற்பத்தி செய்ய முடியுமா? முடியும். ஆனால் 'வீட்டுக்குள்ளேயே' என்பதில்தான் சிக்கல்.

முட்டையில் இருந்து 4 தோல்

பட்டுப்புழு முட்டை பார்க்க கடுகு மாதிரி, அதைவிடச் சின்னது. ஒரு தாய் அந்துப்பூச்சி 400 முதல் 500 முட்டை இடும். சுமார் 10 நாளில் பொரியும். பொரிப்பதற்கு முந்தைய நாள் முட்டை நீலம் பாய்ந்து தெரியும். அப்போது கறுப்புத் தாளில் மூடி இருட்டில் வைத்துவிட்டு, மறுநாள் காலை வெளிச்சத்தில் திறந்தால் பெரும்பாலான முட்டைகள் ஒரே நேரத்தில் பொரிந்துவிடும். இது ஏன் முக்கியம் என்றால், எல்லாப் புழுவும் ஒரே வயதில் இருந்தால்தான் ஒரே நாளில் தோலுரிக்கும், ஒரே நாளில் கூடு கட்டும். வயது கலந்துபோனால் தீனி போடுவதே குழப்பமாகிவிடும்.

புழுவாக இருக்கும் காலம் 24 முதல் 28 நாள். இதற்குள் 4 முறை தோலுரிக்கும். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரு நாள் சாப்பிடாமல், தலையைத் தூக்கியபடி அசையாமல் நிற்கும். புதிதாக வளர்ப்பவர்கள் 'ஐயோ, நோய் வந்துடுச்சோ' என்று பதறுவது இங்கேதான். நோயெல்லாம் இல்லை. அந்த நேரம் இலை போடக் கூடாது, தொடவும் கூடாது. படுக்கை ஈரமாக இருந்தால் சுண்ணாம்புத் தூளைத் தூவினால் போதும்.

தமிழ்நாட்டில் பெரும்பாலான விவசாயிகள் முட்டையாக வாங்குவதில்லை. இளம்புழு வளர்ப்பு மையங்களில் 2 தோல் உரித்த புழுக்களாக வாங்கிக்கொள்கிறார்கள். பிஞ்சுப் புழுவுக்கு 26 முதல் 28 டிகிரி வெப்பமும் 80 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதமும் வேண்டும் என்பதால், அந்த வேலையை மையத்திடம் விடுவதுதான் புத்திசாலித்தனம்.

கடைசி 7 நாள்... செம பசி!

ஒரு புழு வாழ்நாள் முழுக்கத் தின்னும் மல்பெரி இலை 20 முதல் 25 கிராம். கேட்க கொஞ்சமாகத்தான் தெரியும். ஆனால் அதில் 80 சதவீதத்துக்கும் மேல் 4வது தோலுரிப்புக்குப் பிந்தைய கடைசி வாரத்தில்தான் போகிறது. 100 முட்டைத் தொகுதி எடுத்தால் 40 ஆயிரத்துக்கும் மேல் புழு வரும். அப்போ எவ்வளவு இலை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய ஒரு டன்! முதல் 2 வாரம் 'இலை நிறைய இருக்கே' என்று நினைத்து அதிகப் புழு எடுத்தவர்கள், கடைசி வாரம் இலைக்கு அலைவார்கள். பசியோடு போகும் புழு மெல்லிய கூடுதான் கட்டும், விலையும் அதற்கேற்ற மாதிரிதான். எனவே புழுவின் எண்ணிக்கையை இலையை வைத்து முடிவு செய்ய வேண்டும், ஆசையை வைத்து அல்ல.

இலைக்கு முன்னால் இன்னொரு கேள்வி, தண்ணீர். வேலூர் தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில் 1996ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பிலேயே, இந்தப் பகுதியில் சுமார் 35 ஆயிரம் ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதாகச் சொன்ன ஆய்வு குறிப்பிடப்பட்டது. மல்பெரிக்கு உப்பு மண் ஆகாது. எல்லாக் கிணறும் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் பாலாற்றங்கரையில் மல்பெரி நடுவதற்கு முன்பு மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதித்துவிடுவது நல்லது. செடி நட்டு மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு தெரிந்துகொள்வதைவிட அது மலிவு.

கொசுவர்த்தி வைத்தால் காலி

முன்பு பல ஊர்களில் குடியிருக்கும் வீட்டின் ஒரு மூலையிலேயே புழு வளர்த்தார்கள். இப்போது தனிக் கொட்டகை கட்டச் சொல்கிறார்கள். காரணம் எளிது. பட்டுப்புழுவும் ஒரு பூச்சிதான். கொசுவைக் கொல்லும் வர்த்தியும் லிக்விடும் இதையும் கொல்லும். பீடிப் புகையும் புகையிலையும் ஆகாது. பக்கத்துக் கொல்லையில் மருந்து அடித்தால் காற்றில் வந்து இலையில் படிவதே போதும்.

வேலூர் வெயில் அடுத்த எதிரி. வளர்ந்த புழுவுக்கு 24, 25 டிகிரிதான் பிடிக்கும். இங்கே கத்திரியில் 40ஐத் தாண்டும். கூரைமேல் தென்னங்கீற்று, ஜன்னலில் ஈரச் சாக்கு இல்லாமல் கோடைக்காலப் பருவத்தைத் தாண்டுவது கஷ்டம். ஜன்னலுக்கு வலையும் அடிக்க வேண்டும். ஊசி ஈ உள்ளே புகுந்தால் புழுவின் உடம்பில் முட்டையிட்டுவிடும்.

புழு உடல் வீங்கி, தோல் கிழிந்து பால் போன்ற நீர் வடிந்தால் அது பால் நோய். வந்த புழுவுக்கு மருந்து கிடையாது. பொறுக்கி எடுத்து அழிக்க வேண்டும். ஒவ்வொரு பருவத்துக்கும் முன்பு பிளீச்சிங் பவுடர், சுண்ணாம்புக் கரைசலால் கொட்டகையைக் கழுவுவது இதற்காகத்தான். தாயிடம் இருந்து முட்டை வழியாகவே பரவும் பெப்ரின் என்ற நோயும் உண்டு. முட்டையிட்ட அந்துப்பூச்சியை மைக்ரோஸ்கோப்பில் சோதித்து இதைத் தடுக்கும் முறையை 1860களில் பிரான்சில் உருவாக்கியவர், வெறிநாய்க்கடி தடுப்பூசியால் நமக்குத் தெரிந்த அதே லூயி பாஸ்டர். 'நோயற்ற முட்டைத் தொகுதி' என்று இன்று விற்பது அந்தச் சோதனையைத் தாண்டி வந்ததைத்தான்.

கூடு... அதற்கும் ஒரு கெடு

தீனியை நிறுத்திவிட்டு, உடல் கண்ணாடி மாதிரி மாறி, இடம் தேடி அலைந்தால் புழு தயார். மூங்கில் சந்திரிகையிலோ பிளாஸ்டிக் நெட்ரிக்காவிலோ எடுத்து விட வேண்டும். தலையை 8 போல ஆட்டி ஆட்டி 2, 3 நாளில் கூட்டை முடித்துவிடும். நல்ல வெண்கூட்டில் அறுபடாத ஒரே இழை 1 கிலோமீட்டர் வரை வரும்.

அவசரப்பட்டு உடனே அறுவடை செய்தால் உள்ளே இருக்கும் கூட்டுப்புழு நசுங்கி, கூடு கறைபடும். வெண்கூட்டுக்கு 7வது நாள் சரி. தாமதித்தாலும் ஆபத்து. சுமார் 2 வாரத்தில் அந்துப்பூச்சி கூட்டைத் துளைத்து வெளியே வரும், இழை அறுந்துவிடும். அதனால்தான் தர்மபுரி போன்ற அரசு பட்டுக்கூடு அங்காடிகளுக்கு அறுத்த கையோடு கொண்டு போகிறார்கள். நூற்பவர்கள் வாங்கியதும் சூடேற்றி உள்ளே இருக்கும் உயிரைக் கொன்றுவிடுவார்கள். 1 கிலோ கச்சாப் பட்டுக்கு 6 முதல் 8 கிலோ கூடு, அதாவது ஆயிரக்கணக்கான உயிர்.

இது மனசுக்கு ஒப்பவில்லை, பிள்ளைகளுக்குக் காட்டத்தான் வளர்க்கிறோம் என்பவர்களுக்கு 20, 30 புழுவும், காற்றோட்டமான ஒரு அட்டைப்பெட்டியும், அருகிலேயே மருந்தடிக்காத ஒரு மல்பெரிச் செடியும் போதும். ஈர இலை மட்டும் வேண்டாம். வெளியே வரும் அந்துப்பூச்சிக்குச் சாப்பாடு தேட வேண்டியதில்லை, அது சாப்பிடாது. பறக்கவும் தெரியாது. ஜோடி சேர்ந்து, முட்டையிட்டு, சில நாளில் இறந்துவிடும்.