"உன்னைப் பற்றி எழுது"

நம் இல்லங்களில் பிறந்த பிள்ளைகள் சிலர் இன்று அமெரிக்கக் கல்லூரிகளின் வாயிலைத் தட்டுகின்றனர். மதிப்பெண் பட்டியலோடு அவர்கள் அனுப்ப வேண்டியவற்றுள் ஒன்று பெற்றோருக்கு வியப்பளிக்கிறது. மாணவர் தம்மைப் பற்றித் தாமே எழுதும் கட்டுரை அது. பல கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்பத்தில் அதன் அளவு 250 சொற்களுக்குக் குறையாமலும் 650 சொற்களுக்கு மிகாமலும் இருத்தல் வேண்டும். பதினேழு வயதுப் பிள்ளையிடம் தன்வரலாறு கேட்பானேன் என்று பெற்றோர் வினவுவது இயல்பே. அவ்வினாவுக்குரிய விடை நூறாண்டுகளுக்கு முந்தைய வரலாற்றில் புதைந்து கிடக்கிறது. அது அவ்வளவு இனிய வரலாறன்று.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் போன்ற புகழ்மிக்க கல்லூரிகளில் நுழைவதற்குத் தேர்வில் தேறுதலே பெரும்பாலும் போதுமானதாயிருந்தது. கல்லூரிகளுக்குப் பொதுவான நுழைவுத் தேர்வு 1901ஆம் ஆண்டு ஜூன் திங்களில் முதன்முறையாக நடைபெற்றது. அந்நாள்களில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வறுமைக்கும் கொடுமைக்கும் தப்பி வந்த யூதக் குடும்பங்கள் நியூயார்க், பாஸ்டன் நகரங்களில் குடியேறியிருந்தன. தையற்கூடங்களில் உழைத்த பெற்றோரின் மக்கள் அரசுப் பள்ளிகளில் பயின்று தேர்வுகளில் வென்றனர். ஹார்வர்டில் 1900ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 7 விழுக்காடாயிருந்த யூத மாணவர் தொகை, 1922இல் முதலாண்டு வகுப்பில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டியது.

அப்போது ஹார்வர்டின் தலைவராயிருந்தவர் ஆபட் லாரன்ஸ் லோவெல். அமெரிக்காவில் அந்நியர் குடியேறுவதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று இயங்கிய கழகத்தில் துணைத் தலைவராகவும் இருந்தவர் அவர். யூதர் மிகுந்தால் ஏனையோர் கல்லூரியை விட்டு விலகிவிடுவர் என்பது அவர்தம் அச்சம். கோடைக்கால விடுதி ஒன்று யூத விருந்தினரால் பிற வாடிக்கையாளரை இழந்து நலிவதை அதற்கு உவமையாகக் காட்டினார். யூதருக்கு இத்துணை இடங்களே என வரையறுக்கும் திட்டத்தை 1922இல் முன்வைத்தார். நாளேடுகளில் எதிர்ப்பு எழுந்தது. ஆராய அமைக்கப்பட்ட குழு 1923இல் அதனை ஏற்கவில்லை.

முன்வாயில் அடைபட்டதும் பக்கவாயில் திறக்கப்பட்டது. மதிப்பெண் மட்டும் போதாது, மாணவரின் குணநலனையும் ஆராய வேண்டும் என்னும் கொள்கையை 1926இல் ஹார்வர்டு கைக்கொண்டது. முதலாண்டு வகுப்புக்கு 1000 பேர் என்னும் எல்லையும் வகுக்கப்பட்டது. நிழற்படம், பரிந்துரைக் கடிதம், நேர்காணல் ஆகியவை சேர்க்கைக்குரிய கருவிகளாயின. கொலம்பியாப் பல்கலைக்கழகம் இவ்வழியில் முன்னரே நடைபோட்டிருந்தது. 1930களின் தொடக்கத்தில் ஹார்வர்டில் யூத மாணவர் பங்கு பெரிதும் சுருங்கிவிட்டது. சட்டம் எதுவும் இயற்றாமலே வேண்டியது நிறைவேறியது.

"குணம்" என்னும் சொல்லை இங்கே சற்று உற்றுநோக்குதல் தகும். அறநெறி பயின்றோர்க்குக் குணம் என்பது நாள்தோறும் பழகிப் பெறும் நற்பண்பு. கூலியாளின் மகனுக்கும் கோமகனுக்கும் அது ஒருங்கே இயலும். அந்த விண்ணப்பங்களிலோ அச்சொல் குலத்தையும் குடிப்பிறப்பையும் குறிக்கும் முகமூடியாயிற்று. எந்தப் பள்ளி, எந்த விளையாட்டு, எந்தக் குடும்பம் என்பவை குணத்தின் சான்றுகளாக எண்ணப்பட்டன. 1922ஆம் ஆண்டின் ஹார்வர்டு விண்ணப்பத்தில் இனம், சமயம், தாயின் பிறந்தகப் பெயர், தந்தை பிறந்த ஊர் ஆகியவை கேட்கப்பட்டன. அவற்றோடு, பிறந்தபின் உன் பெயரிலோ உன் தந்தையின் பெயரிலோ மாற்றம் நேர்ந்துண்டா, முழுமையாக விளக்குக என்றும் ஒரு வினா இருந்தது. "உன் கதையைச் சொல்" என்னும் கட்டளை அப்படிவத்தில் பிறந்த கோலம் இதுவே என்பேன்.

உள்ளே வரவேற்கப்பட்டவர் எழுதியது எப்படியிருந்தது என்பதற்கும் சான்றுண்டு. பின்னாளில் அமெரிக்காவின் முதல் கத்தோலிக்கக் குடியரசுத் தலைவரான ஜான் கென்னடி, 1935ஆம் ஆண்டு ஏப்ரலில் ஹார்வர்டுக்கு எழுதிய விடை ஐந்தே வாக்கியங்கள். சிறந்த கல்வி கிட்டும், நெடுநாள் விருப்பம், தந்தை பயின்ற கல்லூரி, ஹார்வர்டு மாணவன் என்பது பெருமை என்ற அளவில் முடிந்துவிடுகிறது. பிரின்ஸ்டனுக்கும் ஏறத்தாழ அதையே எழுதினார்! தந்தை ஹார்வர்டில் பயின்றவர், செல்வர், அரசு உயர்பதவியிலிருந்தவர். அவர் மகனுக்கு அதற்கு மேல் ஒரு சொல்லும் தேவைப்படவில்லை. கென்னடி இருந்த ஐரியக் கத்தோலிக்கக் குடியையும் பாஸ்டனின் பழங்குடிச் செல்வர் ஒருகாலத்தில் இழிவாகவே நோக்கினர் என்பதையும் நாம் மறப்பதற்கில்லை.

காலம் மாறியது. 1975இல் 15 தனியார் கல்லூரிகள் ஒன்றுகூடிப் பொது விண்ணப்பம் ஒன்றை உருவாக்கின. இன்று அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் இணைந்துள்ளன. அடைக்க வகுத்த தாள் திறக்கவும் பயன்பட்டது. மதிப்பெண்ணில் தெரியாத உழைப்பை, வீட்டுச் சுமையைத் தாங்கியபடி படித்த பிள்ளையின் உறுதியைக் காட்ட அது இடமளித்தது. இதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் கட்டணம் வாங்கிக்கொண்டு கட்டுரை திருத்தித் தரும் வணிகமும் உடன் வளர்ந்தது. நேர்ந்த துன்பத்தைச் சுவைபட எழுதத் தெரிந்தவருக்கே இடம் என்னும் நிலை வந்தால், சொல்லத் தெரியாத துன்பம் எங்கே செல்லும்?

2023ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள், மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கிற்கொள்ளும் ஹார்வர்டின் முறை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் இனம் தன் வாழ்வை எவ்வாறு தொட்டது என்று ஒரு மாணவர் எழுதினால், அதில் வெளிப்படும் அவருடைய துணிவையும் உறுதியையும் கருதலாம் என்று தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதினார். கட்டுரையைச் சாக்கிட்டுப் பழைய முறையைத் திரும்பக் கொணரலாகாது என்றும் எச்சரித்தார். சில வாரங்களில் ஹார்வர்டு தன் விண்ணப்பத்தில் ஐந்து சிறு வினாக்களைப் புகுத்தியது. மாணவரை உருவாக்கிய வாழ்க்கை அனுபவங்கள் யாவை என்பது அவற்றுள் ஒன்று.

பிறரைப் புறந்தள்ளும் பொருட்டு ஒரு நூற்றாண்டுக்கு முன் தீட்டப்பட்ட வினா, புறந்தள்ளப்பட்டோர் பேசுவதற்கென எஞ்சிய இடமாக இன்று நிற்கிறது. ஆனால் தன் காயத்தைக் காட்டித்தான் தீரவேண்டும் என்று எவரையும் அது கட்டாயப்படுத்துவதில்லை என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். பொது விண்ணப்பத்தில் கட்டுரைக்குத் தரப்படும் ஏழு தலைப்புகளுள் இறுதியானது, மாணவர் தாமே விரும்பித் தேர்ந்துகொள்ளும் எப்பொருளைப் பற்றியும் எழுதலாம் என்பதாகும்.