கடல் கடந்த ஆங்கிலாசிரியரும் வன்னிப் பெருநிலமும்

தாயகத்தை நீங்கி வேற்றுநாட்டிற் குடியிருந்து ஆங்கிலம் கற்பித்தல் இன்று தோன்றிய தொழிலன்று. ஈழத்து வடபகுதியின் இரு நூற்றாண்டுக் கல்வி வரலாற்றில் அத்தகைய ஆசிரியர் வந்ததற்கும் சென்றதற்கும் பெரும் பங்குண்டு. அவ்வரலாற்றில் வன்னிப் பெருநிலம் பெற்றது யாது, இழந்தது யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1816ஆம் ஆண்டு அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்திற் பணி தொடங்கினர். 1823இல் அவர்கள் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரிக்கு டானியல் பூவர் முதல் அதிபரானார். ஆங்கிலம் கற்பிக்க வந்த அவர் தமிழையும் கற்றார். 1855இல் மானிப்பாயில் வாந்திபேதி நோயால் மறைந்தார். அதே ஆண்டிற் செமினரியும் மூடப்பட்டது. ஆங்கிலம் கற்றோர் உத்தியோகம் நாடி அகல்கின்றனர் என்பது, அமெரிக்காவிலிருந்து வந்து ஆராய்ந்த ரூபஸ் அண்டர்சன் குழுவினர் கண்ட குறைகளுள் ஒன்றாகும்.

அவ்வாறு அகன்றோரே பிறநாட்டார்க்கு ஆசிரியராயினர் என்பது நோக்கற்பாலது. 1857இற் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் இச்செமினரியிற் பயின்றவர்களே. பிற்காலத்தில் மலாயாவுக்குச் சென்ற யாழ்ப்பாணத்தாருள் எழுதுவினைஞரோடு ஆசிரியரும் இருந்தனர்.

ஆனையிறவுக்குத் தெற்கே நிலைமை வேறாயிருந்தது. அமெரிக்க மிஷனின் பணிக்களம் பெரிதும் குடாநாடே. வன்னியிலோ காடும் மலேரியாவும் மிகுந்திருந்தன, குடிகள் சிலரே. இரணைமடுக் குளத்தை அண்டிய குடியேற்றங்களும், 1945இன் இலவசக் கல்வியும், 1940களின் பிற்பகுதியில் மலேரியா தணிந்தமையும் அங்கே பாடசாலைகள் பெருக வழிவகுத்தன. ஆயினும் ஆங்கிலாசிரியர் பெரும்பாலும் குடாநாட்டிலிருந்தே வரவேண்டியிருந்தது. இடமாற்றம் கிடைத்ததும் அவர் மீள்வர், கரும்பலகை காத்திருக்கும்.

இந்நிலையிற்றான் ஆபிரிக்கா அழைத்தது. 1964இற் சுதந்திரம் பெற்றபோது சாம்பியாவிற் பட்டதாரிகள் ஏறக்குறைய நூற்றுவரே. நைஜீரியா 1976இல் அனைவர்க்கும் ஆரம்பக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. இரு நாடுகளிலும் ஆங்கிலமே ஆட்சிமொழி. எனவே ஆங்கிலத்திற் கற்பிக்க வல்ல இலங்கை ஆசிரியர் வரவேற்கப்பட்டனர். அவர் அனுப்பிய பணத்தால் வீடுகள் எழுந்தன. தங்கையர் மணம் முடித்தனர். அவரைக் குறைகூறல் முறையன்று. ஆயின் அதே காலத்தில், 1977இன் வன்செயலாற் பெயர்ந்த மலையகத் தமிழர் பலர் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறினர். காட்டை வெட்டிக் கொட்டில் அமைத்த அவர்தம் பிள்ளைகளுக்கு ஆங்கிலாசிரியர் எட்டாக்கனியாயினர்.

பின்னர் வந்த போர் 2009வரை பாடசாலைகளையே இடம்பெயர்த்தது. இன்று நிலைமை மாறியுளது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகின்றது. 2021இல் வவுனியாப் பல்கலைக்கழகம் தனித்தெழுந்தது. ஆனால், அங்கே விரிவுரைகள் ஆங்கிலத்தில் நிகழ்வன. பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகள் தமிழிற் கற்ற முத்தையன்கட்டு மாணவி, தன் ஊருக்கு அண்மையிலேயே அந்நியமொழியின் வாயிலில் நிற்கின்றாள்.

ஆசிரியர் கடல் கடப்பதைத் தடுத்தல் இயலாது, வேண்டியதுமன்று. பூவரும் கடல் கடந்தவரே. ஆயின் வெளியிலிருந்து வருவோரை மட்டும் நம்பிய நிலம், அவர் போனதும் வெறுமையாயிற்று என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது. வன்னியிற் பிறந்தாரை வன்னியிலேயே ஆங்கிலாசிரியராகப் பயிற்றி, அங்கே தங்கி வாழ்தற்கேற்ற ஊதியமும் உறையுளும் அளித்தலே நாம் செய்யத்தக்கது. அவ்வாறு பயின்றவருள் ஒருவர் நாளை கடல் கடப்பினும், அவர் விட்ட இடத்தில் நிற்க இன்னொருவர் இருப்பர்.