உறக்க நேரமும் இதய நலமும்

வயது வந்தோர் நாள்தோறும் உறங்கும் நேரத்துக்கும் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றுக்கும் தொடர்பு உண்டு. இரவு உறக்கத்தில் இரத்த அழுத்தம் பொதுவாக 10 முதல் 20 விழுக்காடு தாழும். உறக்கம் குறைந்தால் இதயத்துக்கு இந்த ஓய்வு கிட்டாது.

இந்தியா உட்பட 21 நாடுகளில் 1,16,632 பேரிடம் நடந்த ‘ப்யூர்’ ஆய்வில் (2019), 6–8 மணி நேரம் உறங்கியோருக்கே இறப்பு அல்லது மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றின் ஆபத்து மிகக் குறைவு. 10 மணி நேரத்தைத் தாண்டியோருக்கு அது 41 விழுக்காடு கூடுதல். ஆனால் நீண்ட உறக்கம் மறைந்திருக்கும் நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். இரவில் போதிய அளவு உறங்கியோர் பகலிலும் உறங்கியபோது ஆபத்து கூடியது; குறைவாக உறங்கியோருக்குக் கூடவில்லை.

நெய்வேலியில் சுரங்கங்களும் அனல்மின் நிலையங்களும் இரவு ஷிப்டிலும் இயங்குகின்றன. அங்குள்ள இரவுப் பணியாளருக்கு இந்த ஆய்வின் முடிவு முக்கியமான செய்தி. அமெரிக்க இதயச் சங்கம் 2022இல் உறக்கத்தையும் இதய நலத்தின் எட்டு அளவுகோல்களில் ஒன்றாகச் சேர்த்தது.